சுயேச்சை வேட்பாளருக்கு நன்றி சொல்லும் முறை

ஜெயிக்க மாட்டார் என்று தொகுதிக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றியோ, மூடப்படப்போகும் அரசுப் பள்ளியைப் பற்றியோ யாராவது பேசியாக வேண்டும் என்று கைக்காசைப் போட்டு நிற்கிறார் ஒருவர். அவரைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு அரசியல் என்ற சொல்லின் மேலிருந்த கசப்பு கொஞ்சம் குறைந்தது. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஸ்டேட்டஸ் வைத்தால் அது தீராது. அவரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. பணத்தை நம்மால் தர முடியாமல் போகலாம். ஆளாக நாம் போய் நிற்கலாம். சட்டமன்றத் தேர்தலில் எங்கே, எப்போது, எதற்குப் போய் நின்றால் உண்மையிலேயே அவருக்கு உதவியாக இருக்கும் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

சட்டம் சுயேச்சைக்கு வைத்திருக்கும் வாசல் குறுகலானது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கையை யாரும் கவனிக்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததில், வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். இன்றைக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அந்தப் பணம் திரும்ப வரும்.

அந்தப் பத்துப் பேர் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே நகரத்துக்குள் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொரு தொகுதி என்று பிரிந்திருக்கும் இடங்களில், பக்கத்து வீட்டுக்காரர்தானே என்று கையெழுத்து வாங்கி மனுவே தள்ளுபடியாகிறது. பழைய வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு மாறியிருக்கும். அதனால் அட்டையை நம்பாதீர்கள். கடைசியாக வெளியான பட்டியலை இறக்கி, ஒவ்வொருவர் பெயரையும் அதில் தேடி எழுதுங்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுக்குத்தான். முடிந்தால் வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் போட்டுவிடுவது நல்லது. முதலாவதில் ஒரு கையெழுத்து உதைத்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.

அடுத்தது படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு, கல்வி எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம். இதில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. சொத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்றும், பொருந்தாவிட்டால் ‘பொருந்தாது’ என்றும் எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டுப் போவதும் ஆபத்துதான். குறை இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் தருவார். அதற்குப் பிறகும் காலியாக இருந்தால் மனுவை நிராகரிக்கலாம். வேட்பாளர் களைத்துப்போய் இரவில் நிரப்பும் படிவம் இது. காலையில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் நீங்களாக இருங்கள். மனுத் தாக்கல் காலை 11 முதல் மாலை 3 மணி வரைதான். தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை அதற்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சின்னம் கிடைப்பது மனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்குப் பிறகு. அங்கிருந்து வாக்குப்பதிவுக்குக் குறைந்தது பதினான்கு நாள் இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் கடைசி 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை. ஆக, தலைமுறை தலைமுறையாக மக்கள் பார்த்துப் பழகிய சின்னங்களுக்கு எதிரே, நேற்று ஒதுக்கிய ஒரு சின்னத்தைப் பன்னிரண்டு நாளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களிடம் கொண்டுபோக வேண்டும். இந்த அநியாயமான ஓட்டப்பந்தயத்தில் தெரிந்தே ஓட வருகிறாரே, அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நோட்டீஸில் கொள்கையை நான்கு பக்கத்துக்கு அச்சடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். இயந்திரத்தில் அவருடைய வரிசை எண், சின்னம், முகம் இந்த மூன்றும் பெரிதாக இருக்கட்டும். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பிறகு பதிவுபெற்ற கட்சிகள், கடைசியில்தான் சுயேச்சைகள் என்பது வரிசை. பட்டன்கள் இருக்கும் இயந்திரமான பேலட் யூனிட் ஒன்றில் பதினாறு பெயர்தான் அடங்கும். வேட்பாளர்கள் அதிகமானால் நம் ஆள் இரண்டாவது இயந்திரத்துக்குப் போய்விடுவார். ‘இரண்டாவது பெட்டியில் மூன்றாவது பட்டன்’ என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், போட நினைத்து வந்தவர்கூடத் தேடிக் களைத்து வேறெதையோ அழுத்திவிட்டுப் போவார். மனுவோடு கொடுத்த அதே புகைப்படத்தையே நோட்டீஸிலும் போடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படம் ஒன்றில், தாடி வைத்த இன்றைய முகம் இன்னொன்றில் என்றால் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீஸ் சட்டப்படி குற்றம்.

இங்கே ஆர்வக்கோளாறுக்கு ஓர் எச்சரிக்கை. அன்பு மிகுதியில் வேட்பாளரைக் கேட்காமல் சொந்தக் காசில் பேனர், போஸ்டர், ஆன்லைன் விளம்பரம் என்று இறங்காதீர்கள். வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகத் தேர்தல் செலவு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அனுமதியோடு செய்தால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறும். நண்பர் இலவசமாகக் கொடுத்த ஒலிபெருக்கிக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி நிர்ணயித்த விலைப்பட்டியல்படி மதிப்புப் போட்டு எழுத வேண்டும். சிறுவர் சிறுமியரைப் பிரசாரத்துக்கு அழைத்துவரவே கூடாது. நோட்டீஸ் கொடுக்கக்கூடத் தேர்தல் ஆணையம் அவர்களை அனுமதிப்பதில்லை. தம்பி தங்கைகளின் உற்சாகம் புரிகிறது; ஆனால் அது வேட்பாளரின் தலையில் விடியும்.

இனி பூத். என் பார்வையில் நன்றிக்கடனில் முக்கால்வாசி இங்கேதான் தீரும். ஒரு தொகுதியில் முந்நூறு பூத் அளவில் இருக்கும். எல்லாவற்றிலும் ஏஜென்ட் போட சுயேச்சையால் முடியாது. நூறு பூத்துக்குப் பெயர் எழுதிவிட்டு அறுபதில் ஆள் வராமல் போவதைவிட, உங்களுக்கு உறுதியான ஆள் இருக்கும் முப்பது பூத்தை எடுத்துச் சரியாகச் செய்வது மேல். ஏஜென்ட் அந்த பூத்தின் வாக்காளராகவோ பக்கத்து பூத்தின் வாக்காளராகவோ இருந்தால் சிக்கல் இல்லை; கிடைக்காவிட்டால் அதே தொகுதிக்காரராவது வேண்டும். நியமனத்துக்குப் படிவம் 10. அதில் வேட்பாளர் அல்லது அவருடைய தேர்தல் ஏஜென்ட் போடும் கையெழுத்து, முன்கூட்டிக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு பொருந்த வேண்டும். அவசரத்தில் வேறு யாரோ ‘போட்டுக் கொடுத்த’ படிவங்கள் காலை ஐந்தரை மணிக்கு வாசலிலேயே நின்றுவிடும். படிவத்தின் கீழ்ப்பகுதியில் ஏஜென்ட் தரும் உறுதிமொழிக்கு வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் முன்னால் போட வேண்டிய கையெழுத்து.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால், இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. ஏஜென்ட்கள் வராவிட்டால் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு ஆரம்பித்துவிடுவார்கள். குறைந்தது ஐம்பது வாக்கு போடுவார்கள். நோட்டா உட்பட எல்லாப் பட்டனும் அழுத்தப்படுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் போட்ட வாக்கைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு விநாடி தெரியும். யார் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் ‘குளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’ என்று மூன்று பட்டன், இதே வரிசையில். கிளியர் அழுத்தியபின், வாக்குகள் பதிவாகும் கன்ட்ரோல் யூனிட்டில் எல்லோருக்கும் பூஜ்யம் காட்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் கிளியர் அழுத்த மறந்து, மாதிரி வாக்குகள் உண்மை வாக்குகளோடு கலந்துபோவது நடக்கிற விஷயம்தான். விவிபாட் பெட்டியிலிருந்தும் மாதிரிச் சீட்டுகளை எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு பச்சைக் காகித முத்திரை வரும். அதில் நீங்களும் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டு அதன் வரிசை எண்ணையும் இயந்திரங்களின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் உள்ளே கூடாது, ஆகவே பேனாவும் தாளும்தான் துணை.

பகலில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. வேறொருவர் பெயரில் வாக்களிக்க வந்தவர் என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ‘உங்கள் ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது’ என்று கேட்டு வாடிய முகத்தோடு திரும்பும் ஆளைப் பார்த்தால், அவர் தன் அடையாளத்தை நிரூபித்து டெண்டர் வாக்குச்சீட்டு, அதாவது இப்படிப்பட்டவருக்குத் தனியாகத் தரும் காகித வாக்குச்சீட்டு, கேட்கலாம் என்பதைத் தலைமை அலுவலருக்கு நினைவூட்டுங்கள். அவர் யாருக்குப் போடுவார் என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை.

மாலையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் காய்ந்த களைப்பில், ஆறு மணிக்குக் கடைசி வாக்காளர் போனதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்போதுதான் தலைமை அலுவலர் குளோஸ் பட்டனை அழுத்துவார். மொத்த வாக்கு எண்ணிக்கை திரையில் வரும். அந்த எண்ணை வைத்து, பூத்தில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி எழுதப்படும். அதன் நகலை ஏஜென்டுக்குத் தர வேண்டும் என்பது விதி. 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாக்களிக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், இயந்திரத்தில் பதிவானது எத்தனை என்று மூன்றையும் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாக்கு எண்ணும் நாளில் நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த ஒற்றைத் தாள்தான். மேஜைக்கு வரும் கன்ட்ரோல் யூனிட்டின் எண்ணும் மொத்தமும் இதோடு பொருந்த வேண்டும். வாக்கு எண்ணும் இடத்துக்கு ஏஜென்டை நியமிக்கப் படிவம் 18. எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த அலுப்பில் இந்தத் தேதியைத் தவறவிடுவது வழக்கமாக நடக்கிறது.

2016இல் ராதாபுரம் தொகுதி 49 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. 2021இல் தியாகராய நகர் 137. இப்படி முடிகிற தொகுதிகளில் சுயேச்சையைப் பார்த்து ‘நீ ஓட்டைப் பிரித்தாய்’ என்று ஏசுவார்கள். ஓட்டு யாருடைய சொத்தும் இல்லை. கேட்டு வாங்க வேண்டியது. அவர் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். இதை அவர் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லவும் நான்கு பேர் வேண்டும்.

தோற்றவருக்கு அதிகம் ஆள் தேவைப்படுவது முடிவுக்குப் பிந்தைய முப்பது நாளில். அதற்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்க முடியாமல் தகுதியிழப்பு வரும். செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். நம் வேட்பாளர் அதில் இருபதில் ஒரு பங்குகூடச் செலவழித்திருக்க மாட்டார். ஆனாலும் கணக்கு கணக்குதான். செலவுப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரசார நாட்களிலேயே மூன்று முறை இதைச் சரிபார்ப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போகும் தொகையை ரொக்கமாகத் தரக்கூடாது. ஆட்டோ வாடகை, டீசல், பந்தல் எல்லாவற்றுக்கும் அன்றன்றே ரசீது வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வைத்தால் கடைசியில் இரண்டு மாலை வேலைதான். வாங்காமல் விட்டால், பந்தல்காரரைத் தேடி அலைந்து, அவர் எழுதித்தரும் தேதி பதிவேட்டோடு முட்டி நிற்கும். முடிவு வந்த 26ஆம் நாள் மாவட்ட அதிகாரி கணக்கு ஒப்பிடும் கூட்டம் கூட்டுவார். பார்வையாளர் குழு தனியாக எழுதிவைத்திருக்கும் கணக்கும் நம் கணக்கும் எங்கே வேறுபடுகின்றன என்று அங்கே தெரிந்துவிடும். வேட்பாளரோடு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போங்கள்.

இது முடிந்ததும் படிவம் 20ஐ எடுங்கள். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை வாக்கு என்று முழுத் தொகுதிக்கும் அதில் இருக்கும். நம் வேட்பாளர் இரட்டை இலக்கம் வாங்கிய பூத்களை வட்டமிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருக்களுக்குப் போய் வாருங்கள். வாக்குக் கேட்டு வந்தவர் தோற்ற பிறகும் வருவதை அந்தத் தெருக்கள் அதிகம் பார்த்திருக்காது. அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வரும்போது ஊராட்சி வார்டுக்கு நிற்க 21 வயது போதும், அங்கே கட்சிச் சின்னமும் கிடையாது. வட்டமிட்ட அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.