மர்கா பள்ளத்தாக்கு: ஆற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்

லடாக்கின் மர்கா பள்ளத்தாக்குக்கு ஜூலை, ஆகஸ்டில் நடக்கப் போகிறவர்கள் தூரத்தை மட்டும் பார்த்து நாட்களைப் பிரிக்காதீர்கள். ஆறு குறுக்கிடும் இடத்துக்குக் காலையில் போய்ச் சேருகிற மாதிரி முகாம் போடுங்கள். வெயிலில் உருகும் பனி பிற்பகலில்தான் பெருகி வரும்; விடிகாலையில் கணுக்காலளவு ஓடிய தண்ணீர் மாலையில் தொடையைத் தொடலாம்.

குறுகலான இடம் ஆசை காட்டும். ஆழமும் இழுப்பும் அங்கேதான் அதிகம். ஆறு அகன்று கிளை பிரியும் இடத்தைத் தேடுங்கள். அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ, வேகமான நீர் முழங்காலைத் தாண்டினாலோ இறங்கவே கூடாது.

பையின் இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் உடனே உதறிவிடலாம். வெறுங்கால் வேண்டாம், குளிரில் மரத்துப்போய் கல்லில் வழுக்கும். நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை ஊன்றி, ஒவ்வொரு காலாக நகருங்கள்.

சந்தேகமா? இக்கரையிலேயே தங்கிவிடுங்கள். அதற்காகவே ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.