வராதவர்களின் நோட்டு

ஞாயிறு மாலை வாலிபர் கூடுகை முடிந்ததும் பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு நாங்கள் விடுதிக்கு ஓடுவோம். இரவுச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் அது. சிலோன் அக்கா மட்டும் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். வருகைப் பதிவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மின்சாரம் போயிருந்த ஒரு மாலையில் லாந்தரைப் பிடிக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். அன்று வந்திருந்த முப்பத்தைந்து பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. வராத ஆறு பேரின் பெயர்கள் மட்டும், பக்கத்தில் ஊரோடும் தெருவோடும், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

நம் பள்ளி மலர்க் குழுவினர் விடுதி நாட்களைப் பற்றி எழுதக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நோட்டுதான். விளையாட்டு விழாவையும் கேழ்வரகுக் களியையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அக்கா நம் பள்ளி ஆசிரியை இல்லை; சபையின் இளையோர் ஊழியராக வந்தவர். பள்ளிப் பதிவேடு எதிலும் அவர் பெயர் இராது. டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கும் அவரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "எழுதும். ஆனால் பெயர் வேண்டாம். சிலோன் அக்கா என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்" என்றார். எழுபத்தைந்தைத் தாண்டிய குரல் தளர்ந்திருந்தது. 'எழுதும்' என்ற அந்தச் சொல் அப்படியே இருந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். அதுவரை எங்களுக்கு வீட்டில் 'நீ', வகுப்பில் 'டேய்'. பதின்மூன்று வயதுப் பையனைப் பார்த்து, "நீர் எந்த ஊர்?" என்று கேட்ட முதல் ஆள் அக்காதான். ஜெபத்தில் கடவுளை அழைக்கும் சொல்லாயிற்றே என்று முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். யாழ்ப்பாணத்தில் அது அன்றாட வழக்கு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே அவர் எதிரில் போய் நின்றோம்.

அவர் சேலத்துக்கு வந்தது 1974 பிப்ரவரியில். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, திருச்சி வரை ரயில், அங்கிருந்து பஸ். அவர் நாடு 1972-லேயே இலங்கைக் குடியரசு ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வீடு வானொலியில் சிலோன் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊரில் யார் வாயிலும் வேறு பெயர் வரவில்லை. வந்த அன்றே பையன்கள் கேட்ட கேள்வி, வானொலி அறிவிப்பாளர்கள் எல்லாரையும் நேரில் தெரியுமா என்பதுதான். ஒருவரையும் தெரியாது என்று அவர் சொன்னதில் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

கடல் தாண்டி அவர் ஏன் சேலத்துக்கு வர வேண்டும்? கரும்பலகையில் படம் வரைந்து அவரே ஒரு முறை விளக்கினார். சேலத்தில் லண்டன் மிஷன் பணி தொடங்கியது 1827-இல். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் அதற்கும் முன்பே, 1816-இல் வந்துவிட்டது. இரண்டின் சபைகளும் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகச் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஓர் அத்தியட்சாதீனமாயிற்று. அத்தியட்சாதீனம் என்பதும் அவர் சொல். நாம் பேராயம் என்போம். "நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் நான் வேறு வீட்டுக்கு வரவில்லை" என்றார். வீட்டைவிட்டு விடுதியில் கிடந்த எங்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அவருடைய வாரம் எங்களுக்கு மனப்பாடம். திங்கள் ஓய்வு நாள். அன்று வீட்டுக்குக் கடிதம் எழுதுவார். எப்போதாவது வீட்டிலிருந்து பொட்டலம் வந்தால் ஓலையில் பின்னிய சின்னக் குட்டான்களில் பனங்கட்டி இருக்கும். கடித்துத் தின்று தேநீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு அது 'தேத்தண்ணீர்'. புதன்கிழமை ஆயரோடு கூட்டம், அறிக்கை, கணக்கு. விசா வேலை வந்தால் அந்த நாள் ஓர் அலுவலக வராந்தாவிலேயே போய்விடும். வெள்ளி மாலை பாட்டுப் பயிற்சி. ஒரே கீர்த்தனையை அவர் ஒரு மெட்டிலும் நாங்கள் வேறு மெட்டிலும் பாடுவோம். கடைசியில் ஞாயிறன்று எங்கள் மெட்டுதான் ஜெயிக்கும். மே மாதத்தில் மாம்பழச் சண்டையும் உண்டு. சேலத்து மல்கோவாவை மூன்று கோடைகள் ருசித்த பிறகும், கறுத்தக்கொழும்பானுக்கு ஈடில்லை என்பதில் அவர் இம்மியும் இறங்கி வரவில்லை.

செவ்வாய் மாலை விடுதியில் படிப்பு நேரம். வேதபாடம் அதில் கிடையாது. கணக்கு, ஆங்கிலம், பூகோளம்தான். யாருக்கு எது வராதோ அதை வரும் பையன் பக்கத்தில் உட்கார வைப்பார். வாலிபர் ஊழியத்துக்கும் முக்கோணவியலுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மூப்பர் கேட்டாராம். பரீட்சையில் தோற்றவன் ஞாயிறு கூடுகைக்கு வர வெட்கப்படுவான், அதுதான் தொடர்பு என்று அக்கா பதில் சொன்னாராம்.

வியாழனும் சனியும் நோட்டின் நாட்கள். வியாழக்கிழமை நகரத்துக்குள் நடப்பார். குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் நெசவாளர் வீடுகளுக்கு நானும் சில தடவை வழிகாட்டப் போயிருக்கிறேன். வாசலில் நின்று, "ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை?" என்று அவர் ஒரு முறையும் கேட்டதில்லை. குழித்தறியில் இருக்கும் தகப்பனிடம் பாவு எத்தனை நாளில் முடியும் என்று கேட்பார். தார் சுற்றிக்கொண்டிருக்கும் பையன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தானும் ராட்டையைச் சுற்றுவார். அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடக் கற்க அவருக்கு நாலு வாரம் ஆயிற்று. பையன் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முற்றத்திலேயே தெரிந்துவிடும்: ஞாயிறு சந்தைக்குச் சேலை கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது போட்டுக்கொள்ள நல்ல சட்டை இருக்காது. அடுத்த ஞாயிறு முதல் அவரே பழைய வாயில் புடவையில் கூடுகைக்கு வரத் தொடங்கினார். புதுச் சட்டை போட்டிருந்த நாங்கள் சில வாரங்களில் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டோம். யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மலை. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் பிறந்த எங்களுக்கு அது தாலாட்டு. யாழ்ப்பாணமோ தட்டையான மண்; இருபத்தைந்து வயது வரை அக்கா மலை ஏறியதே இல்லை. முதல் சனிக்கிழமை ஐந்தாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீறி முகர்ந்து பார்க்கச் சொன்னாராம். அன்றிலிருந்து வாரந்தோறும் கையில் எலுமிச்சம்பழம். மூன்று ஆண்டுகளில் அவருக்கு மலை பழகவே இல்லை. பத்தாவது, பதினோராவது வளைவு வரை தாக்குப்பிடிப்பார், அவ்வளவுதான். மேலே இறங்கிக் குழாயில் முகம் கழுவி, அரை மணி நேரம் கல்லில் உட்கார்ந்துவிட்டு நடக்கத் தொடங்குவார். மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடை என்று ஊர் ஊராக, எஸ்டேட் லைன் லைனாக. இளம்பெண் தனியாக மலையில் சுற்றுவது நன்றாக இல்லை என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா விடுதிச் சமையற்கார அம்மாவைச் சில வாரம் துணைக்கு அழைத்துப் போனார். முணுமுணுப்பு அடங்கியதும் மறுபடி தனியே போனார்.

1976 பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன நான் திரும்பவில்லை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறிய அப்பா, விழுந்து கால் முறிந்து கிடந்தார். காப்பி பறிப்பு முடியும் காலம். அம்மா ஒருவர் கூலியில் ஐந்து பேர் சாப்பிட முடியாது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டேன். படிப்பு போய்விட்டது என்று தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை காலை, பனி விலகாத நேரம். செடிகளுக்கு நடுவே அம்மாவின் வரிசையில் இன்னொரு ஆள் குனிந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கம்பளியைப் போர்த்தியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அக்கா பழம் பறித்துக்கொண்டிருந்தார். சிவந்த பழத்தோடு பச்சைக் காயும் கூடையில் விழுந்தது. "பழுத்தது மட்டும் அம்மா, பச்சையைக் கலந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள்" என்று அம்மா பதமாகச் சொல்லி, காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, நீர் அந்தப் பக்கம் பறியும்" என்றார் அக்கா. மத்தியானம் வரை வேறு பேச்சில்லை.

மத்தியானம் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, கட்டு எப்போது அவிழ்ப்பார்கள், எஸ்டேட்டில் அரைக் கூலி தருகிறார்களா, கடையில் எவ்வளவு கடன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நோட்டைத் திறந்து, கணக்குப் போட்டு, மாசி முடியும் வரைக்கும் நான் வெள்ளி இரவு மலைக்கு வந்து ஞாயிறு இருட்டும் வரை வேலை செய்யலாம், மற்ற நாட்களில் வகுப்பில் இருக்க வேண்டும் என்றார். விடுதியில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிறு கூடுகைக்கு என்னால் வர முடியாதே என்றேன். "அதற்கென்ன, உம்முடைய பெயர் என்னிடம் இருக்கும்" என்றார்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்துக் கொடுத்தார். நான் தவறவிட்ட இரண்டு வாரப் பாடங்கள். நான்கு பேர் கையெழுத்து. செவ்வாய் மாலைகளில் ஆளுக்கொரு பாடமாக உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். அதில் சரித்திரம் எழுதியவர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பார். உம்முடைய 'ற'கரம் அன்றைக்கும் 'ந'கரம் போலத்தான் இருந்தது, நண்பரே. அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.

திரும்பி வந்தவர் பெயரின் குறுக்கே அக்கா மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். எல்லாப் பெயரிலும் கோடு விழவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மாணவிக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் பேசினார்கள். அக்கா ஏழு வியாழக்கிழமைகள் அந்த வீட்டுக்குப் போனார். எட்டாவது வாரம் வாசற்கதவு திறக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் விடுதித் தோட்டத்துக் கிணற்றடியில் அவர் அழுதுகொண்டிருந்ததை நானும் இன்னொருவனும் பார்த்தோம். ஒரு பெரியவர் அழுவதைப் பார்த்தால் என்ன செய்வது என்று தெரியாமல், சத்தம் போடாமல் வாளியை வைத்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பெயரைப் புது நோட்டு வாங்கியபோதெல்லாம் முதல் பக்கத்தில் மறுபடி எழுதிக்கொண்டார்.

இப்போது நான் இருக்கும் நகரத்தில் இளையோர் ஊழியத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் இருக்கின்றன. பிள்ளைகள் உற்சாகமாக வருகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் வரவில்லை என்று எந்த வாலிபர் தலைவரையும் பார்த்து என்னால் கேட்காமல் இருக்க முடிவதில்லை. காணாமற்போன ஆட்டின் உவமையை அக்கா எங்களுக்கு ஒரு முறைகூடப் போதித்ததாக நினைவில்லை. அதைச் சொல்ல அவருக்குச் சனிக்கிழமைகளில் நேரம் இருந்திருக்காது.

1977 ஜனவரியில் அவர் காலம் முடிந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை, திருச்சி பஸ். வழியனுப்ப நாற்பது பேருக்கு மேல் போயிருந்தோம். குகைப் பையன்கள் ஒரு கைத்தறித் துண்டு கொண்டுவந்திருந்தார்கள். என் அம்மா வறுத்து அரைத்த காப்பித்தூளைக் கொடுத்தனுப்பியிருந்தார். நடத்துநர் விசில் ஊதினார். அக்கா ஜன்னல் வழியே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன், எண்ணிக்கொண்டிருந்தார்.

"மஞ்சக்குட்டைத் தம்பி எங்கே?"

எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை. பஸ் நகரத் தொடங்கியது. அவர் நோட்டைத் திறந்து அவசரமாக ஏதோ எழுதி, ஜன்னல் வழியே என் கையில் திணித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், பக்கத்தில் ஊர், அதற்கும் பக்கத்தில் 'சனிக்கிழமை'.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். அடிவாரத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது தேவையே இல்லை. மஞ்சக்குட்டையில் அவன் வீட்டு வாசலில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அவன் திண்ணையில் உட்கார்ந்து, கால்விரலால் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த வாருகோலை எடுத்து, மறுபக்கத்திலிருந்து நானும் கிளறத் தொடங்கினேன்.