ஹெட்செட் ஓட்டை இல்லாத போனும் எங்கப்பாவோட எஃப்எம்மும்

போன்ல ஹெட்செட் சொருகுற ஓட்டைய எடுத்தத பத்தி வாய தொறந்தாலே "இன்னுமா அதயே பேசிட்டு இருக்க, ஒரு பட்ஸ் வாங்கிக்கோடா"ன்னு தான் எல்லாரும் சொல்றாங்க. வாங்கியாச்சுப்பா. பட்ஸ் இருக்கு, நெக்பேண்ட் இருக்கு, ட்ராயர தொறந்தா டைப்-சி கன்வர்ட்டரா கிடக்கு. என் பிரச்சனை சவுண்ட் குவாலிட்டி பத்தினதே இல்ல. பாட்டு கேக்குறதுக்கு இத்தன ஏற்பாடு எதுக்குங்கறது தான்.

அந்த ஓட்டைக்கு பேரு ஜாக். அதோட பெரியண்ணன், 6.35 மிமீ சைஸ், 19ஆம் நூற்றாண்டுல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டருங்க சொருகி சொருகி எடுத்தது. அப்புறம் ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்காக சின்னதாக்கி 3.5 மிமீ வந்துச்சு, 1979ல வாக்மேன் வந்தப்ப அதுலயும் அதே தான். அதாவது எந்த கம்பெனியும் இது என்னுதுன்னு சொல்ல முடியாத ஒரு ஓட்டை. பஸ் ஸ்டாண்டுல தொங்குற அம்பது ரூபா ஹெட்செட்ட அம்பதாயிரம் ரூபா போன்ல சொருகினாலும் பாடும், ப்ளூடூத்ல ஜோடி சேக்க வேணாம், ஆப் வேணாம், அப்டேட் வேணாம்.

2016 செப்டம்பர்ல ஐபோன் 7 மேடையில ஆப்பிளோட ஃபில் ஷில்லர் ஜாக்க எடுத்ததுக்கு காரணம் சொன்னப்ப "தைரியம்"னு ஒரு வார்த்தைய விட்டாரு பாருங்க, ஊரே சிரிச்சுது. தைரியம் தான், அதே மேடையில தான் ஏர்பாட்ஸும் அறிமுகமாச்சு! சரி, இவங்க மொத ஆளு இல்ல, 2014லயே ஒப்போ ஆர்5ல ஜாக் கிடையாது. ஆனா ஐபோன் செஞ்சா தான் மத்தவன் எல்லாம் செய்வான், அது தான விஷயம். கூகுள் மொத பிக்ஸல் விளம்பரத்துல "எங்க கிட்ட ஜாக் இருக்கே"ன்னு குத்திக்காட்டிட்டு அடுத்த வருஷமே பிக்ஸல் 2ல தூக்கிட்டான். சாம்சங்கும் கொஞ்ச நாள் கிண்டல் பண்ணிட்டு 2019ல நோட் 10ல தூக்கிட்டான். ஆப்பிள் ஆரம்பத்துல பாக்ஸ்ல ஒரு கன்வர்ட்டர் குடுத்தான், 2018ல அதயும் நிறுத்தினான், 2020ல இயர்போனே கிடையாதுன்னுட்டான்.

உள்ள எடம் மிச்சமாகுதுங்கறது உண்ம, மறுக்கல. ஆனா தண்ணி உள்ள போயிடும்னு சொல்றாங்க பாருங்க அது தான் கடுப்பு, ஐபோன் 7க்கு முன்னாடியே அதே 2016ல வந்த கேலக்ஸி எஸ்7ல ஜாக்கும் இருந்துச்சு, ஐபி68 வாட்டர் ரெசிஸ்டன்ஸும் இருந்துச்சு.

கன்வர்ட்டர் கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நெறைய பேர் இதுல காசு விடுறாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல போய் "டைப்-சி டு ஹெட்போன்"னு கேட்டா விவரமான கடைக்காரரா இருந்தா மொத கேள்வியே "எந்த போன் தம்பி?"ன்னு தான் இருக்கும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணுல உள்ள வெறும் வயர் தான், போனே டைப்-சி வழியா அனலாக் சவுண்ட வெளிய அனுப்புனா தான் பாடும். இன்னொண்ணுல டிஏசின்னு ஒரு குட்டி சிப் இருக்கும், டிஜிட்டல்ல வர்றத அதுவே சவுண்டா மாத்திக்கும். இப்ப இருக்குற நெறைய போன்ல மொத வகை செத்த பொணம், சத்தமே வராது. ஆன்லைன்ல வாங்குறவங்களும் விவரத்துல "டிஏசி"ன்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. அப்படியே வாங்கினாலும் பாட்டு கேக்கும்போதே சார்ஜ் போடணும்னா அதுக்கு தனியா ரெண்டு வாய் உள்ள ஒண்ணு வாங்கணும், கொடும.

ப்ளூடூத்த நான் திட்டல, பாத்திரம் கழுவும்போது வயர் இல்லாம இருக்குறது சொர்க்கம். ஆனா பஸ்ல ஜன்னல் சீட் கெடச்சு, நல்லா காத்து வந்து, சரணம் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு அம்மணி காதுக்குள்ள வந்து "பேட்டரி லோ"ன்னு சொல்லுது பாருங்க, அந்த எரிச்சல் வயர்ல கிடையாது. அந்த பட்ஸ் பேட்டரியும் ரெண்டு வருஷத்துல சோர்ந்துடும், ஒரு பக்கம் மொதல்ல போகும், பெரும்பாலும் பிரிச்சு மாத்தவும் முடியாது. வயர் ஹெட்செட்டும் பின் கிட்ட கட் ஆகும் தான், ஆனா அத சால்டர் வச்சு ஒட்ட தெருவுக்கு ஒரு ஆள் இருந்தாரு.

இன்னொரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா இருக்கு. பீச்-தாம்பரம் ட்ரெயின்ல இப்பல்லாம் ஸ்பீக்கர்லயே ரீல்ஸ் போட்டு பாக்குறவங்க ஏகத்துக்கு ஜாஸ்தி ஆகிட்டாங்க, ஒரே பெட்டியில நாலு பாட்டு, ரெண்டு சமையல், ஒரு அரசியல் சண்ட. பாக்ஸ்ல இயர்போன் வரல, சொருக ஓட்டையும் இல்ல, பட்ஸ் சார்ஜ் இல்ல, அப்புறம் என்ன, ஸ்பீக்கர் தான். மரியாதை இல்லாத ஆளுங்க எப்பவும் இருந்தாங்க, இல்லங்கல, ஆனா இதுவும் ஒரு காரணம்னு தான் எனக்கு படுது.

இதுல யாருமே பேசாதது எஃப்எம். போன்ல எஃப்எம் கேக்க ஹெட்செட் சொருகச் சொல்லும்ல, அது ஏன்னா அந்த வயர் தான் ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ்ல அலை நீளம் 3 மீட்டர், அதுல கால்வாசி, முக்கா மீட்டர் கம்பி இருந்தாலே நல்லா பிடிக்கும், ஹெட்செட் வயர் அதுக்கு தாராளம். ஜாக் போச்சுன்னா பெரும்பாலும் எஃப்எம்மும் போச்சு. 2023ல மத்திய அரசே போன்ல எஃப்எம் வசதிய முடக்காதீங்க, பேரிடர் நேரத்துல வேணும்னு கம்பெனிகளுக்கு அட்வைசரி அனுப்புச்சு. அதே வருஷம் டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி பக்கம் கரண்ட் இல்ல, டவர் இல்ல, டேட்டா இல்ல. என் போன்ல வெறும் டார்ச் தான் வேல செஞ்சுது. எங்கப்பா பழைய பட்டன் போன்ல ஹெட்செட்ட சொருகி ஒரு காதுல வச்சுக்கிட்டு நியூஸ் கேட்டு கேட்டு எங்களுக்கு சொல்லிட்டு இருந்தாரு.

அந்த போன் போன வருஷம் உயிர விட்டப்ப கடைக்கு கூட்டிட்டு போனேன். சேல்ஸ் பையன் காஸ்ட்லி போன் ஒண்ண எடுத்து வச்சு கேமரா, ஏஐ, ஃப்ரீ பட்ஸ்னு அடுக்குறான், அப்பா எல்லாத்தயும் பொறுமையா கேட்டுட்டு "எஃப்எம் வருமா?"ன்னாரு. "ஆப்ல எல்லா ரேடியோவும் கேக்கலாம் சார்." "நெட்டு இல்லாம?" பையன் என்ன பாக்குறான், நான் போன திருப்பி கீழ் பக்கம் பாக்குறேன். அப்புறம் அவனே சிரிச்சுக்கிட்டு பன்னெண்டாயிரம் ரூபா ரேக்குக்கு கூட்டிட்டு போனான், அங்க முக்காவாசி போன்ல ஜாக் இருக்கு. லட்ச ரூபா போன்ல இல்லாதது இதுல இருக்குன்னு அப்பாவுக்கு ஒரே பெருமை, பில் போடுறதுக்குள்ள பையன் கிட்டயே ஹெட்செட் ஒண்ணு வாங்கி சொருகி 101.4ல ரெயின்போ எஃப்எம் வருதான்னு பாத்துட்டாரு, வந்துச்சு.