நம்தா அறையில் ஒன்பது ஆண்டுகள்

துபாய் நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தில், நெடுந்தூரப் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் லாயம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஒரு மாதம் என்னைக் குதிரைக்குப் பக்கத்திலேயே விடவில்லை. சேணங்கள் வைக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை மட்டக்குதிரையில் ஏற்றிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடு விமானம் ஏறியவனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அறை முழுக்கச் செம்மறியாட்டு மணம். சேணத்துக்கும் குதிரையின் முதுகுக்கும் இடையில் போடும் கம்பளித் தோல் விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. அறைக்குப் பொறுப்பானவர் பாகிஸ்தான் பஞ்சாபைச் சேர்ந்த முதியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சாச்சா'. அந்த விரிப்பை அவர் 'நம்தா' என்பார். வெள்ளைக்காரப் பயிற்சியாளர் 'நம்னா' என்பார். சாச்சா கொச்சையாகச் சொல்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இந்துஸ்தானியின் நம்தாவைத்தான் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு போய் நம்னா ஆக்கினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் நானும் நம்தா என்றுதான் சொல்கிறேன்.

சாச்சா கற்றுக்கொடுத்த முதல் பாடத்தில் நம்தாவே கிடையாது. வெறும் முதுகில் சேணத்தை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதுகெலும்புக்கு மேல் வெளிச்சம் தெரிகிறதா, தோள்பட்டை அசைய இடம் இருக்கிறதா, சேணம் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். சேணம் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த கம்பளியைப் போட்டும் பயனில்லை. "கடிக்கிற செருப்புக்குள் தடித்த காலுறையைப் போட்டு நடந்து பார்" என்றார். சரியாகப் பொருந்திய சேணத்துக்கு அடியில் தடித்த நம்தாவைத் திணித்தாலும் அதே கதைதான். சேணம் இறுகி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை நெரிக்கும். கம்பளியின் தடிமனையும் சேர்த்துத்தான் சேணத்தின் அளவைப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த நம்தா எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிற முதலாளிகளை அந்த ஒன்பது ஆண்டுகளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

தோலைத் தேர்ந்தெடுப்பது கையால் செய்யும் வேலை. கம்பளியை இரண்டு விரலால் வகிர்ந்து பார்த்தால் அடியில் தோல் தெரிய வேண்டும். வலை போன்ற துணி தெரிந்தால் அது கம்பளி நூலைப் பின்னிய விரிப்பு. அதுவும் மோசமில்லை, இளங்குதிரைகளின் அன்றாடப் பயிற்சிக்கு நாங்கள் அதைத்தான் போட்டோம். ஆனால் செயற்கை இழையைக் கம்பளி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் போதும். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணியாக உருளும். சாச்சா இதைக் கடைக்காரர் முன்னாலேயே செய்வார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அடுத்தது கட்டைவிரல். கம்பளியில் அழுத்தினால் விரல் உடனே தோலில் போய் முட்டக் கூடாது; எடுத்தவுடன் குழி மறைந்துவிட வேண்டும். மெரினோ ஆட்டின் கம்பளிக்கு இந்தக் குணம் நன்றாகவே உண்டு. அதன் இழை சுருள் சுருளாக இருப்பதால் நசுங்கினாலும் எழுந்துகொள்கிறது. பிறகு நம்தாவைத் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டும். துண்டுத் தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தால், சவாரி செய்பவரின் எடை விழும் இடத்தில் தையல் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால், 100 கிலோமீட்டருக்குப் பிறகு அந்தத் தையலின் கோடு அப்படியே முதுகில் இருக்கும்.

160 கிலோமீட்டர் பந்தயத்தை ஒரே மூச்சில் ஓடுவதில்லை. அதைச் சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 64க்கு இறங்கியிருக்க வேண்டும். அடுத்து முதுகு நெடுக விரலால் அழுத்திக்கொண்டே போவார். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நம்தா அறைக்காரர்கள்தான். தோல் ஓரிடத்தில் சுண்டினால் எங்கள் முகம் சுண்டிவிடும்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்தது போலத் தெரியாது. வியர்வைக்கு அது போதும். ஆனால் பந்தயத்தில் வழியெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் குதிரையின் கழுத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். நம்தா ஊறிக் கனத்து, பின்பக்கமாக நழுவத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் உலர்ந்த நம்தா ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதைப் போட்டதும், வயிற்றுப் பட்டையை இறுக்குவதற்கு முன்னால், முன்பகுதியைச் சேணத்தின் குழிக்குள் மேலே இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகெலும்பின் மேல் தொட்டிலைப் போல இறுகிக்கொள்ளும். இரண்டு நொடி வேலை. அவசரத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

கழற்றிய நம்தாவை உடனே கழுவப் போடக் கூடாது. முதலில் படிக்க வேண்டும். ஈரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கிறதா? சுற்றிலும் நனைந்து நடுவில் மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வையே வராமல் போயிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கம்பளி படிந்திருந்தால் சவாரி செய்பவர் சாய்ந்து உட்காருகிறார். அக்டோபரில் பொருந்திய சேணம், ஓடி ஓடிக் குதிரை மெலிந்த பிறகு பிப்ரவரியில் தாழ்ந்து உட்காரும். அதையும் கம்பளிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அப்போது நம்தாவின் உறைக்குள் கெட்டிக் கம்பளத் துண்டுகளைச் செருகி ஈடுகட்டுவோம்.

என் பெரிய தவறு கழுவும் இடத்தில் நடந்தது. முறை எனக்கு மனப்பாடம். காய்ந்ததும் மணலை உதறி, கம்பிப் பிரஷால் வார வேண்டும். மணல் தங்கினால் நம்தா உப்புத்தாளாகிவிடும். பிறகு குளிர்ந்த நீரில் கம்பளிக்கென்றே விற்கும் மென்மையான சோப்பு நீர். கறை நீக்கும் நொதி கலந்த சலவைத்தூள் ஆகாது. கம்பளியும் புரதம், அந்த நொதி அதையே தின்றுவிடும். இழுத்து நேராக்கி நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வளவும் தெரிந்தும், ஒரு மே மாதம், சாச்சா விடுமுறையில் இருந்தபோது, குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து நான்கு நம்தாக்களை ஊறவைத்தேன். வளைகுடாவில் கோடையில் அந்தக் குழாயில் வெந்நீர்தான் வரும். மாடித் தொட்டி வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும். கை சுட்டது. 'பரவாயில்லை, அழுக்கு நன்றாகப் போகும்' என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, மறுநாள் பயிற்சி இருக்கிறதே என்று அவற்றை வெயிலிலும் போட்டேன். மாலையில் எடுத்தபோது நான்கும் அப்பளம் போல விறைத்துச் சுருங்கியிருந்தன. ஒன்றின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கும். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பி வந்த சாச்சா எதுவும் பேசாமல் அவற்றில் ஒன்றை அறைக் கதவில் ஆணியடித்து மாட்டினார். நான் வேலையை விடும் வரை அது அங்கேயே இருந்தது.

ஒருமுறை புதிதாக வந்த பழுப்புக் குதிரையின் முதுகில், மேட்டுக்கு இரு புறமும், ரூபாய் நாணயம் அளவில் வெள்ளை முடித் திட்டுகளைப் பார்த்தேன். "அழகாக இருக்கிறது" என்றேன். மருத்துவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பொருந்தாத சேணம் அழுத்தி, நிறம் தரும் உயிரணுக்கள் சிதைந்த இடத்தில்தான் முடி வெள்ளையாக முளைக்கும் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு மட்டக்குதிரைக்கும் அதே இடத்தில் இரண்டு திட்டுகள் உண்டு. அப்பா அவற்றை நட்சத்திரம் என்பார். ராசியான குதிரை என்று படகு இல்லத்துக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். நானும் சிறுவயதில் அவற்றைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். சேணத்துக்கு அடியில் நாங்கள் போட்டது மடித்த கோணிச்சாக்கு.

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, லாயத்தில் கழித்துப்போட்ட நம்தா ஒன்றைக் கேட்டு வாங்கி, நல்ல பகுதியை மட்டும் வெட்டித் தைத்து எடுத்துப் போனேன். குதிரைக்குப் போட்டுக் காட்டி, முன்பக்கத்தை மேலே இழுத்துவிடும் முறையையும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குதிரையின் மேல் பழைய சாக்கு கிடந்தது. நம்தா வாசலில் அவருடைய நாற்காலியில் விரித்திருந்தது.

"முதுகு வலி எனக்கும்தானே இருக்கிறது" என்றார்.