துளைச் சுவர்

ஜூன் 3
நானோ நொடி லேசரில் துளை போட்ட தகடு கைக்கு வந்தது. 0.2 மி.மீ. கனம், 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 80 மைக்ரான் (0.08 மி.மீ.) துளைகள். மேலிருந்து பார்த்தால் அத்தனையும் வட்டம். முதலாளி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு என்னம்மா குறைச்சல்?" என்றார். அளவில் ஒன்றும் இல்லை. துளையின் உட்சுவரைப் பார்க்கணும்.

ஜூன் 4
நாளைக்கு அப்பாவுக்கு ஆஞ்சியோ. வேலை ஓடவில்லை.

ஜூன் 5
இரண்டு அடைப்பு. ஒன்றில் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமாம், மற்றதை மாத்திரையில் பார்க்கலாமாம். டாக்டர் படத்தை ஓட்டிக் காட்டி முடித்து, ஏதாவது கேட்கணுமா என்றார். எந்த உலோகம் சார் என்று கேட்டேன். கோபால்ட் குரோமியம். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அம்மா பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

அதுவும் லேசரில் வெட்டுகிற குழாய்தானே. இப்போது வருகிற பலவற்றில் கம்பியின் கனம் 60 முதல் 80 மைக்ரான். பழைய ஸ்டீல் ஸ்டென்ட்களில் 140 வரை இருந்தது. வெட்டிய சுவரை யார் பார்த்திருப்பார்கள்?

ஜூன் 7
குறுக்கே அறுத்து, ரெசினில் பதித்து, பாலிஷ் போட்டு, ஆக்சாலிக் அமிலத்தில் அரித்து (எட்ச்) பார்த்தாயிற்று. சுவர் நெடுக உருகி மறுபடி உறைந்த படலம். ஓரிடத்தில் மெல்லிசு, ஓரிடத்தில் தடிப்பு. அடி விளிம்பில் மெழுகுவர்த்தி வழிந்தது போல் ஒரு சொட்டு. படலத்துக்குள் விரிசலும் உண்டு.

கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. ஒரு பல்ஸ், அதாவது ஒரு லேசர் துடிப்பு, 10 நானோ நொடிதான் (நொடியை நூறு கோடியாக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ). அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குள் வெப்பம் அரை மைக்ரான்கூடப் போகாது. சேதமும் அவ்வளவோடு நிற்கணும். ஆனால் பல்ஸ் முடிந்த பிறகும் உருகின உலோகம் துளைக்குள்ளேயே கிடக்கிறது. ஆவியின் அழுத்தம் அதைச் சுவரோடு தள்ளுகிறது. கொஞ்சம் வெளியே தெறிக்கிறது, மிச்சம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பல்ஸ் அதன் மேலேயே விழுகிறது.

ஜூன் 9
"எலக்ட்ரோபாலிஷ் போட்டா போயிடும்மா." முதலாளி சொல்வது, மின்சாரத்தால் மேற்பரப்பைக் கரைத்தெடுப்பது. போகும் சார். படலம் ஒரே சீராக இல்லையே, துளை மட்டும் எப்படிச் சீராக இருக்கும்? 80 கேட்டவருக்கு எதைக் கொடுப்பது? இன்றைக்கு நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

ஜூன் 10
தூக்கம் வரவில்லை. ஹானோவர் லேசர் மையத்தினர் 1996-ல் வெளியிட்ட அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 100 மைக்ரான் ஸ்டீல் தகட்டில் மூன்று துளைகள்: 3.3 நானோ நொடி, 80 பிகோ நொடி, 200 ஃபெம்டோ நொடி. நானோவில் ஆயிரத்தில் ஒன்று பிகோ, பிகோவில் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ. முதலாவதைச் சுற்றி உருகிப் புரண்ட கரை. மூன்றாவதில் கரையே இல்லை. மெஷின் விற்க வருகிறவர்கள் காட்டாமல் போகாத படம்.

அடியில் உள்ள குறிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை. நானோ துளைக்கு 1 மில்லிஜூல் (1000 மைக்ரோஜூல்), ஃபெம்டோ துளைக்கு 120 மைக்ரோஜூல். சம ஆற்றலில் வைத்த போட்டியே அல்ல. ஃபெம்டோவிலும் ஆற்றலைக் கண்டபடி ஏற்றினால் உருகத்தான் செய்யும்.

குறுகிய பல்ஸுக்கு அனுகூலம் இருப்பது உண்மைதான். உலோகத்தில் ஆற்றலை முதலில் வாங்குவது எலக்ட்ரான்கள். அணுக்களுக்கு அது கைமாறச் சில பிகோ நொடிகள் ஆகும். அதற்குள், அல்லது அதையொட்டி, பல்ஸ் முடிந்துவிட்டால் பக்கத்தில் வெப்பம் பரவ நேரம் கிடைக்காது. அப்படியானால் இந்த ஸ்டீலுக்கு 10 பிகோவே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஃபெம்டோ மெஷின் விலையைச் சொன்னால் முதலாளிக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும்.

மணி மூன்று.

ஜூன் 11
அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகக் கணக்கு) இறங்கினால்தான் ஸ்டென்டுக்குத் தேதி கொடுப்பார்களாம்.

ஜூன் 13
முதலாளிக்கு யாரோ நீர்த்தாரை லேசரைச் சொல்லியிருக்கிறார்கள். லோசானில் ரிச்சர்ஸாகன் கொண்டுவந்த முறை. முடியளவு தண்ணீர்த் தாரைக்குள் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் அடைபட்டே போகும். சுவர் நேராக வரும், தண்ணீரே குளிர்வித்து உருகலையும் கழுவிவிடும். வெட்டுவதற்கு அருமை. துளையிட ஆரம்பிக்கும்போது தண்ணீர் வெளியேற வழி ஏது? மறுபக்கம் திறக்கும்வரை தேங்கித் தாரையையே கலைக்கும். 80 மைக்ரானுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜூன் 14
பிகோ மாதிரிகள் பெங்களூரிலிருந்து வந்தன. மேல் விளிம்பில் கையே வைக்க வேண்டாம், அவ்வளவு சுத்தம். ஒரே இடத்தில் பல்ஸைக் கொட்டிப் போட்ட துளையில் மேலே 80, கீழே 71. கற்றையைச் சாய்த்துச் சுழற்றிப் போட்டதில் மேலே கீழே வித்தியாசம் (டேப்பர்) கிட்டத்தட்ட இல்லை, நேரம்தான் கூடுதல்.

வேகத்துக்காகப் பல்ஸ்களை மெகாஹெர்ட்ஸுக்கு (நொடிக்குப் பத்து லட்சக்கணக்கில்) ஏற்றிய தகட்டில் ஓரம் நீலமாகியிருக்கிறது. ஒரு பல்ஸ் விட்டுப்போன சூடு ஆறும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. அங்காராவில் பில்கென்ட் பல்கலைக்கழக ஆட்கள் 2016-ல் நேர்மாறாகக் காட்டினார்கள்: பல்ஸ்களை இன்னும் நெருக்கிக் கூட்டமாக அனுப்பினால், சூடு உள்ளே இறங்குவதற்குள் அந்த அடுக்கே பெயர்ந்து, சூட்டையும் கொண்டுபோய்விடும். அந்த வசதி உள்ள மெஷினுக்கு எங்கே போவது?

ஜூன் 16
லேசரைக் குளிர்விக்கிற சில்லர் நின்றுவிட்டது. நாசமாய்ப் போகட்டும்.

ஜூன் 17
கிரியாட்டினின் 1.3. வியாழன் காலை. எந்த ஸ்டென்ட் என்று தம்பி ஓர் அட்டவணையே போட்டு அனுப்பியிருக்கிறான். டாக்டரிடம் விடுடா என்றேன். பிறகு நானே கனம் என்ற பத்தியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18
வாடிக்கையாளரிடமிருந்து பதில். காற்றோட்டம் சோதித்தார்களாம். நானோ தகட்டில் துளைக்குத் துளை அளவு மாறுகிறது, பிகோவில் ஏறக்குறைய சமம். அதைச் சொல்லிவிட்டு உடனே ஆயிரம் தகட்டுக்கு விலை கேட்கிறார்கள், நானோ விலையில்! ஒரு துளைக்கு எத்தனை நொடி என்று முதலாளி இரண்டு தரம் போன் செய்துவிட்டார். முதலில் நானோவில் சின்னதாகப் போட்டு, பிகோவில் சுற்றிச் சீவி 80-க்குக் கொண்டுவந்தால்? இரண்டு மெஷினிலும் தகடு ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அதற்குத் தகட்டைப் பிடித்து நிறுத்த ஒரு ஃபிக்ஸ்சர். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கணும், லேப்டாப்பையும் எடுத்துவைத்தாயிற்று. டோவல் பின் 3 மி.மீ. போதுமா, 4