அடுப்படிக்கு ஐந்து லைன்: ஆடியில் அளந்து ஆவணியில் இழுத்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேக் செய்கிறேன் என்று மகள் ஓடிஜியைப் போட்டாள். அதே நேரத்தில் இண்டக்ஷனில் சாம்பார், கெட்டிலில் வெந்நீர், மிக்சியில் தேங்காய். கொஞ்ச நேரம் எல்லாம் ஓடியது, அப்புறம் அடுப்படி இருண்டது. கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்சான எம்சிபியைத் தூக்கிவிட்டு வந்து பவர் பிளக்கைத் தொட்டால் சுட்டது. பிடுங்கிப் பார்த்தேன். பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

மதுரையில் அப்பா 1998இல் கட்டிய வீடு. அன்றைக்கு அடுப்படிக்கு ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட்டும் இரண்டு 5 ஆம்பியர் பாயிண்ட்டும் தாராளம். கிரைண்டரும் மிக்சியும்தான் மின்சாரம் தின்றவை. இப்போது அதே ஒரு போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றும் ஓடிஜிக்குப் பதில் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஒன்றும் வாங்குவதாக முடிவாகிவிட்டது.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஒரே நிமிடத்தில் தீர்வு சொன்னார். "பதினாறு ஆம்பியர் எம்சிபிண்ணே இது. முப்பத்திரெண்டு போட்டுட்டா விழவே விழாது." விழாதுதான். சுவருக்குள் வயர் வேகும், அவ்வளவுதான். போர்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒன்றரை வயர். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் பைப்புக்குள் போகும்போது தாங்குவது சுமார் 13 ஆம்பியர். அதன் தலையில் ஏற்கெனவே 16 ஆம்பியர் எம்சிபி.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது இன்னொரு விஷயம். 16 என்று எழுதியிருந்தால் 16ஐத் தாண்டியதும் விழும் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் அது விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இதுதான் எம்சிபிக்கான விதி. அதாவது 18 ஆம்பியரில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும், 23 ஆம்பியரில்கூட உடனே விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. இண்டக்ஷன் 2000, கெட்டில் 1500, மிக்சி 750 என்று கூட்டி 230ஆல் வகுத்தால் 18.5 ஆம்பியர். ஆக, ஓடிஜி இல்லாத சாதாரண நாட்களிலும் எங்கள் ஒன்றரை வயர் தினமும் காலையில் சூடேறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓடிஜியின் 1500 சேர்ந்து 25 ஆம்பியர் ஆன அன்றைக்குத்தான் எம்சிபிக்கு விஷயம் தெரிந்தது.

எல்லா வயரையும் புதிதாக இழுப்பது என்று முடிவு செய்தபோது ஆடி பிறந்திருந்தது. "ஆடி போகட்டும்ப்பா, அப்புறம் சுவரை உடை" என்றார் அம்மா. மறுப்பதில் பயனில்லை என்பதால் அந்த ஒரு மாதத்தை அளப்பதற்கு வைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதுதான் இந்த வேலையிலேயே உருப்படியான பகுதி.

வயரை வெளியிலிருந்தே கவ்வி, அதில் ஓடும் கரண்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன். முதல் நாள் இண்டக்ஷனின் கேபிளை அப்படியே கவ்வவிட்டேன். பூஜ்யம். கெட்டிலிலும் பூஜ்யம். மீட்டர் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரிக்காமல் விளக்கினார்: ஃபேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறது, இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஒற்றை வயரைத்தான் கவ்வ வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று வயரும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் செய்துகொண்டேன்.

அம்மாவின் பழைய கணக்கு நோட்டில் பத்து நாள் எழுதினேன். எது, எத்தனை மணிக்கு, எதோடு சேர்ந்து ஓடியது, எத்தனை ஆம்பியர். இண்டக்ஷன் முழு வேகத்தில் 8.6. கெட்டில் 6.4, ஆனால் நான்கு நிமிடம்தான். மிக்சி 3க்குள். கிரைண்டர் ஒன்றுக்கும் கீழே. முன்கூட்டியே வந்துவிட்ட மைக்ரோவேவ்தான் ஏமாற்றியது. பெட்டியில் 900 வாட் என்று போட்டிருந்தது, மீட்டர் 6 ஆம்பியர் காட்டியது. 900 என்பது சாப்பாட்டுக்குள் இறங்குவது. பிளக்கிலிருந்து இழுப்பது கிட்டத்தட்ட 1400. கன்வெக்ஷனில் போட்டால் 9ஐத் தாண்டியது. பின்பக்கத்து உலோகத் தகட்டில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும், அட்டைப்பெட்டியை அல்ல.

நோட்டு முடிந்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சாமான்களின் வாட்டைக் கூட்டினால் எட்டாயிரத்துக்கு மேல் வருகிறது, பயமாக இருக்கிறது. ஆனால் எங்கள் அடுப்படியில் கஷ்டமான நேரம் காலை ஆறரை முதல் எட்டு வரைதான், அதிலும் இண்டக்ஷனும் கெட்டிலும் மோதுகிற சில நிமிடங்கள். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதை வைத்துப் போட்ட திட்டம் இது. இண்டக்ஷனுக்குத் தனி லைன், நாலு சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி. ஒரு அடுப்புக்கு இரண்டரையே போதும். நாளைக்கு இரட்டை அடுப்பு வந்தால் மறுபடி சுவரில் காடி வெட்ட முடியாது என்பதற்காக நாலு. மைக்ரோவேவுக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ஒன்று, மேடையில் கெட்டில், மிக்சி, கிரைண்டர் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. மூன்றுமே இரண்டரை வயர், 16 ஆம்பியர். இரண்டரை வயர் பைப்புக்குள் சுமார் 18 தாங்கும், நாலு சுமார் 24. இப்போது எம்சிபி வயரைவிடச் சின்னது, அது போதும் எனக்கு. மெஷின் இரவில்தானே ஓடும், மைக்ரோவேவோடு சேர்த்துவிடலாமா என்று ஆசை வந்தது. தீபாவளிக்குத் தங்கை குடும்பம் வரும்போது இரவு, பகல் என்ற பேச்சே கிடையாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது ஃபிரிட்ஜ். அது இழுப்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. ஆனால் ஊருக்குப் போயிருக்கும்போது வேறு எதற்காகவோ அடுப்படி லைன் விழுந்து, மாவும் பாலும் கெட்டுப்போக வேண்டாமே. தனி லைன், அதற்கென்று தனி ஆர்சிபிஓ, அதாவது கரண்ட் அளவு மீறினாலும் கசிந்தாலும் விழுகிற சுவிட்ச்.

வீட்டில் ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இருக்கிறது. பழைய அடுப்படி மொத்தமும் ஒரே ஃபேஸில் தொங்கிக்கொண்டிருந்தது. இண்டக்ஷனையும் மெஷினையும் சிவப்பு ஃபேஸில் போட்டு, மைக்ரோவேவையும் மேடை லைனையும் நீலத்துக்கு மாற்றினோம். ஒரே போர்டுக்குள் மட்டும் இரண்டு ஃபேஸ் வராமல் பார்த்துக்கொண்டேன். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 415 வோல்ட். பின்னால் ஒருநாள் போர்டைக் கழற்றுகிறவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எப்படி நம்புவது?

ஆவணியில் வேலை. லைசென்ஸ் உள்ள வேறு எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்தார், நோட்டைப் பொறுமையாகப் படித்தார். காடி வெட்டியது, தூசி, கொத்தனார் வரத் தாமதம், நான்கு நாள் ஹாலில் சமையல், இதெல்லாம் எல்லா வீட்டுக் கதைதான். ஃபிரிட்ஜ் தவிர மற்ற நாலு லைனையும் இரண்டு ஒரு அங்குலப் பைப்புகளில் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டோம். ஒன்றிலேயே திணித்தால் வயர்கள் ஒன்றை ஒன்று சூடேற்றும். பக்கத்தில் ஒரு முக்கால் அங்குலப் பைப்பை நைலான் கயிறு மட்டும் போட்டுச் சும்மா விட்டோம். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி நியூட்ரல், இரண்டு முனையிலும் எண். மெஷினுக்கான பாயிண்ட்டை அதன் முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ப்புறம் வைத்தோம். கைவிட்டுப் பிடுங்க முடிய வேண்டும்.

எர்த் இன்னொரு பாடம். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 228 வோல்ட் வந்தது, நான் திருப்தியாகிவிட்டேன். அவர் 100 வாட் குண்டு பல்பு டெஸ்ட் லாம்ப்பை வைத்துக் காட்டினார். பல்பு மினுக் மினுக் என்று அழுதது. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது, அதனால் துருப்பிடித்த எர்த்தும் நல்ல எர்த் மாதிரித் தெரியும். பழைய எர்த் குழி எங்கே என்று தேடினால் அது வண்டி நிறுத்தும் இடத்து டைல்ஸுக்கு அடியில். புதிதாக எட்டடிப் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். பல்பு பளிச்சென்று எரிந்தது.

கடைசியாக அடுப்படிக்கென்று நாலு போல் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர். கரண்ட் எங்காவது கசிந்தால் விழுகிற சுவிட்ச் அது. அடுப்படி விளக்கு, சிம்னி போகிற பழைய லைனையும் அதற்குள் கொண்டுவந்தோம். எல்லாம் ஓடியது. சிம்னி சுவிட்சைப் போட்டதும் டப்பென்று விழுந்தது. தூக்கினேன், போட்டேன், டப். சிம்னியில் லீக்கேஜ் என்று சந்தேகப்பட்டு அதைப் புதுப் பாயிண்ட்டில் சொருகினால் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது.

அப்போதுதான் அந்தப் பூஜ்யம் ஞாபகம் வந்தது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் போன கரண்ட் அந்த வழியாகத் திரும்பவில்லை. ஆர்சிசிபி பார்ப்பதும் இதைத்தானே! அந்தப் பழைய லைனை மட்டும் தற்காலிகமாக ஆர்சிசிபிக்கு வெளியே மாற்றித் தரச் சொல்லி, இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வி, சிம்னியை ஓட்டினோம். 0.78 ஆம்பியர். மொத்தமும் வேறு வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஹால் ஓரத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் விடை இருந்தது. சில வருடங்களுக்கு முன் சிம்னி மாட்டியவர் ஃபேஸை அடுப்படி விளக்கிலிருந்தும், கைக்கு எட்டிய நியூட்ரலை ஹால் விளக்கிலிருந்தும் எடுத்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். ஆர்சிசிபி இல்லாதவரை இது யாருக்கும் தெரியாது. அடுப்படி லைனை அணைத்துவிட்டோம் என்று நினைத்து நியூட்ரலைத் தொடுகிறவருக்கு மட்டும் ஒருநாள் தெரிந்திருக்கும். சரியான நியூட்ரலில் சேர்த்ததும் மீட்டர் பூஜ்யம் காட்டியது, ஆர்சிசிபியும் விழாமல் நின்றது.

இரண்டு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்குப் பிளக்குகளைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, எதுவும் சுடவில்லை. பாத்திரம் கழுவும் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது மட்டும் 8 ஆம்பியர், மற்ற நேரமெல்லாம் அரைக்கும் கீழே. ஆயுத பூஜைக்கு அம்மா எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், கிளாம்ப் மீட்டருக்கும் ஒரு பொட்டு. அதே கையோடு ஹாலில் இருக்கும் ஏழு ஜங்ஷன் பாக்ஸ்களையும் எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து திறக்க ஆரம்பித்திருக்கிறேன். மூன்று முடிந்தது. மூன்றாவதில் இன்னொரு இரவல் நியூட்ரல்.