ஆடிப்பிறப்புப் பாட்டும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளில் தமிழ் என்றால் முதலில் பாட்டுத்தான். அரிவரி முடிவதற்கு முன்பே ஆடி முதலாம் நாளில் யாழ்ப்பாணத்தார் கூழ் காய்ச்சிக் கொண்டாடும் ஆடிப்பிறப்பைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய பாட்டு வாயில் ஏறிவிடும். ரீச்சர் ஓர் அடி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்தித் திருப்பிச் சொல்லும்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோஷத்தில் தொடங்குகிற பாட்டு அது. அப்புறம் கூழ் காய்ச்சும் வேலை வரும். தேங்காய்ப்பால், பனங்கட்டி (பனைவெல்லம்), மாவுருண்டை, பயறு எல்லாம் போட்டு அம்மா துழாவ, மணம் கிளம்பும். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து, மடித்துக் கோலிக் கூழ் குடிப்பார்கள். இப்படி நட, அப்படி நடக்காதே என்று புலவர் அதில் உபதேசம் செய்யவே இல்லை. சைவப் பிரபந்தங்கள் பல பாடியவர் (1878–1953), பிள்ளைகளிடம் வரும்போது அவர்களுடைய பசியையும் விளையாட்டையும் நினைத்துப் பாடியிருக்கிறார். கத்தரித் தோட்டத்து வெருளியை, அதாவது காவல் பொம்மையை, கூலி வாங்காமல் நித்திரை கொள்ளாமல் காவல் நிற்கும் சேவகனாக்கியவரும் அவர்தான். எங்கள் தங்கத் தாத்தா என்று நாங்கள் சொல்வது அவரைத்தான்!

அவருக்கு முந்திய காலத்தின் தேவை வேறு. ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, கிறிஸ்தவம் பரப்பிய அமெரிக்க மிசனிடம் மானிப்பாயில் அச்சகமே இருந்தது. நாவலர் தாமும் சென்னையிலிருந்து அச்சு இயந்திரம் கொண்டுவந்து, பாலபாடங்கள் என்ற பள்ளிப் பாடநூல்களைத் தாமே எழுதி அச்சிட்டார். நாலாம் பாலபாடத்தைத் திறந்தால் கடவுள், கொலை, களவு, கள்ளுண்ணல் என்று தலைப்புகள் போகும். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனப்பாடம் செய்துவந்த பிள்ளைகளுக்குத் தெளிவான உரைநடை கிடைத்தது பெரிய காரியம். ஆனாலும் பிள்ளையைத் திருத்துவதே அங்கே முதல் நோக்கம்.

நீதிக்கும் விளையாட்டுக்கும் இடையே மேற்கிலும் இதே இழுபறி இருந்திருக்கிறது. 1744இல் லண்டனில் ஜான் நியூபெரி சிறுவர் புத்தகம் ஒன்று போட்டு, கூடவே பையன்களுக்குப் பந்தும் பெண் பிள்ளைகளுக்கு ஊசி குத்தும் மெத்தையும் விற்றார். அவற்றில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஊசி, கெட்டது செய்தால் கறுப்பில். விளையாட்டுச் சாமானுக்குள்ளேயும் நீதி வந்து உட்கார்ந்துவிட்டது!

தமிழ்நாட்டில் 1947இல் வந்த அம்புலிமாமா என்ற சிறுவர் இதழும், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய அழ. வள்ளியப்பாவும் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள். அம்புலிமாமா எங்கள் ஊரில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து வரும்.

இதையெல்லாம் நான் நினைப்பதற்குக் காரணம் இங்கே சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் சேருவார்கள். கதை முடியுமுன்பே ஒரு பிள்ளை, "இதில் என்ன கருத்து எழுத வேண்டும்?" என்று கேட்கும். அதைக் குறை சொல்ல முடியாது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே போதனை மொழி. தமிழ் ஒரு பாடம், அதில் கருத்தறிதல் ஒரு தேர்வு. கருத்தைக் கண்டுபிடிக்க ஆசிரியர்கள் நன்றாகவே பழக்குகிறார்கள். தமிழில் சிரிக்கவும் அடம்பிடிக்கவும் கற்பனை பண்ணவும் வீட்டில்தான் இடம் கொடுக்க வேண்டும்.

ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தபோது பனங்கட்டி யாருக்கும் தெரியவில்லை. இங்கே கிடைக்கும் குலா மலாக்கா வெல்லத்தை எடுத்து மணக்கக் கொடுத்தேன். "செண்டோலில் ஊற்றுவதா, அம்மம்மா?" என்று இங்குள்ள தேங்காய்ப்பால் இனிப்பை நினைத்துக் கேட்டாள் பேத்தி. சரி, அந்த மணம் போதும். அன்றைக்கே பாட்டைப் பாடமாக்கிவிட்டார்கள்.

ஆனால் ஊர்ப் பாட்டு மட்டும் போதாது. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் இங்குள்ள பிள்ளைகளையே எழுத வைத்தது. சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். நம் சங்கமும் அடுத்த மலரில் நாலு பக்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மின்தூக்கி, எம்ஆர்டி, புளோக்குக்குக் கீழே சண்டை பிடிக்கும் மைனா என்று எதைப் பற்றியும் எழுதட்டும். எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுக்க நான் வருகிறேன். கடைசியில் நீதி வாசகம் மட்டும் சேர்க்க வேண்டாம்.